"நான் ஒரு ஆமி, ரீச்சர்"

தரம் 9 பிள்ளைகளுக்கு 'நான்' என்ற தலைப்பில் கட்டுரை கொடுத்திருந்தோம். ஒரு பிள்ளை முதல் வரியிலேயே எழுதியிருந்தாள்: "நான் ஒரு ஆமி."

ஆசிரியர் அறையில் கொப்பி கைமாறியது. சிலர் சிரித்தோம். சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. கிழக்கில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல் என்றால் சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும்தான். பிள்ளையைக் கூப்பிட்டு, "இதென்ன எழுத்து?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவள் கண் கலங்கிவிட்டது.

"ரீச்சர், அது பீ.ரி.எஸ். ரசிகர்கள்ற பேர்."

பிறகுதான் தேடி வாசித்தோம். தென்கொரியாவின் பீ.ரி.எஸ். பாடகர் குழு 2013 ஜூனில் அறிமுகமானது. அடுத்த மாதமே ரசிகர்களுக்கு 'ஆர்மி' என்று பெயர் வைத்தார்கள். குழுவின் கொரியப் பெயரில் 'குண்டு துளைக்காத' என்ற பொருள் இருக்கிறது. கவசத்தோடு படையும் சேர்ந்துகொண்டது. 2020 இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்துக்குக் குழு 10 இலட்சம் டொலர் கொடுத்தபோது, ரசிகர்களும் ஓரிரு நாளில் அதே அளவு தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இப்படியான கூட்டத்தை ஆங்கிலத்தில் 'ஃபேன்டம்' என்கிறார்கள். 'ஃபேன்' என்பது வெறிகொண்டவரைக் குறிக்கும் 'ஃபெனட்டிக்' என்ற சொல்லின் சுருக்கம். 'டம்' என்பது 'கிங்டம்' என்ற சொல்லின் வால். எங்கள் 'ரசிகர்' அப்படியல்ல, சுவைப்பவர். 'ரசிகர்கள்' என்றால் பலர், அவ்வளவுதான். 'ரசிகர் மன்றம்' என்றால் தலைவர், செயலாளர் எல்லாம் வேண்டும். ஃபேன்டம் இரண்டுமல்ல. ஒருவரையொருவர் காணாமலே "நாங்கள்" என்று சொல்லிக்கொள்பவர்கள் அவர்கள். இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் எங்களுக்கு அகப்படவில்லை.

அந்தப் பிள்ளை போன வருடம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். இடைவேளையில் தனியாகத்தான் சாப்பிடுவாள். கட்டுரையின் மிச்சத்தை அதற்குப் பிறகே வாசித்தோம். இந்தப் பாடசாலையில் தனக்குக் கூட்டாளி இல்லை, ஆனால் உலகம் முழுக்கத் தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள்.

நாங்கள் முதல் வரியோடு நின்றுவிட்டோம். அடுத்த நாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம். "ஃபேன்டத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் கண்டுபிடியுங்கள்" என்று நாலு பேர் கொண்ட குழுக்களுக்கு வேலையும் கொடுத்தோம். சொல் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அவள் இப்போது அந்த மூன்று பேரோடு இருந்துதான் சாப்பிடுகிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் "நான் ஆமி" என்று சொன்னால் ஏசிவிடாதீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.