‘ஃபைட் பண்றார்’

இரவுப் பணி முடித்தவர் காலையில் வருகிறவரிடம் ஐசியூ கட்டில்களை ஒப்படைக்கும்போது ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது. “ஆறாம் பெட் ராத்திரி பூரா ஃபைட் பண்றார், மிடாசோலம் ஏத்தினோம், இப்ப அமைதி.” இந்தச் சொல்லை நம் தொழிலிலிருந்தே விலக்க வேண்டும் என்பது என் கட்சி. வெண்டிலேட்டரோடு நோயாளி சண்டை போடுகிறார் என்று சொன்ன மாத்திரத்தில் குற்றம் அவர் மேல் விழுந்துவிடுகிறது; மெஷினும், அதில் செட்டிங் வைத்த நாமும் தப்பித்துவிடுகிறோம். சண்டை என்று பெயர் வைத்தபின் அடக்குவதுதான் சிகிச்சை என்று கை தானாகவே சிரிஞ்ச் பம்புக்குப் போகிறது. டியூப் அடைத்திருக்கிறதா, ஒரு பக்கம் இறங்கிவிட்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா, வலியா, சிறுநீர்ப்பை முட்டுகிறதா என்று முதலில் பார்ப்பதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் அவர் தவித்தால், நாம் கொடுக்கிற மூச்சும் அவர் கேட்கிற மூச்சும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அந்த இடத்தில்தான் பாடம் நின்றுபோகிறது.

சிஓபிடி நோயாளியை எடுத்துக்கொள்வோம். காற்றை உள்ளே அனுப்புவது அவரிடம் பெரிய காரியமில்லை. வெளியே எடுப்பதில்தான் எல்லாச் சிக்கலும். ரேட் 30 வைத்தால் ஒரு மூச்சுக்கு 2 விநாடி. உள்ளிழுக்க 0.8 போக, வெளிவிட மிஞ்சுவது 1.2 விநாடி. ரேட்டை 14-க்கு இறக்கினால், அதே இழுப்பு நேரத்துக்கு வெளிவிட 3.5 விநாடி கிடைக்கும். ஏபிஜியில் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கிறது என்று அவசரமாக ரேட்டைக் கூட்டுகிறவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. முன் மூச்சு முழுதாக வெளியேறுமுன் அடுத்த மூச்சு நுழைகிறது. காற்று உள்ளே தேங்குகிறது. பெப்பேயும் மரீனியும் 1982-ல் விளக்கி எழுதிய ஆட்டோ-பீப் இதுதான். திரையில் பீப் 5 என்றே காட்டிக்கொண்டிருக்கும்; எக்ஸ்பிரேட்டரி ஹோல்டை அழுத்தினால்தான், அதுவும் அவர் இழுக்காமல் இருக்கிற நொடியில் அழுத்தினால்தான், உள்ளே இருப்பது தெரியவரும். செட் செய்த பீப்புக்கு மேல் 10 தேங்கியிருக்கிறது, ட்ரிகர் மைனஸ் 2 என்று வையுங்கள். அவர் 12 செ.மீ. அளவுக்கு இழுத்தால்தான் மெஷினுக்குச் செய்தி போய்ச் சேரும். ஏற்கெனவே ஊதிப்போய்த் தட்டையான உதரவிதானத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு இழுக்க அவரால் ஆகாது. நாலு முறை முயல்கிறார், இரண்டு முறைதான் மெஷின் காது கொடுக்கிறது. கழுத்துத் தசை புடைக்கிறது, நெற்றி வியர்க்கிறது, அலாரம் அடிக்கிறது. உடனே நாம் ஃபைட் என்று எழுதிவிடுகிறோம். ஃப்ளோ அலையைப் பார்த்தால் வெளிமூச்சின் வால் அடிக்கோட்டைத் தொடாமலே அறுந்திருக்கும். அந்த வாலின் நடுவே சின்னதாக ஒரு மேடு எழுந்து அடங்கும். அந்த மேடு வீணாய்ப்போன ஒரு மூச்சு. திரையைக்கூட நம்ப வேண்டாம், மேல்வயிற்றில் கையை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். மெஷின் 18 என்று சொல்லும்போது கை 27 என்று சொல்லும். ரத்த அழுத்தமும் சரிந்துகொண்டிருந்தால், சர்க்யூட்டைச் சில விநாடி கழற்றி விட்டால் தேங்கிய காற்று நீளமாக வெளியேறும், அழுத்தம் ஏறிவரும்; காரணம் எது என்பது அங்கேயே உறுதியாகிவிடும். பிறகு செய்ய வேண்டியவை: ரேட்டையோ டைடல் வால்யூமையோ இறக்குவது, பிரஷர் சப்போர்ட்டில் இருந்தால் அதைக் குறைத்து சைக்கிள்-ஆஃப் அளவை 25 சதவீதத்திலிருந்து 40 பக்கம் நகர்த்துவது, வெளி பீப்பை அளந்த ஆட்டோ-பீப்பின் சுமார் 80 சதவீதம் வரை ஏற்றிப் பார்ப்பது, நெபுலைசேஷன். இதில் எதுவுமே மயக்க மருந்து இல்லை.

இது ஏதோ ஒரு தெரபிஸ்டின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. தில்லேயும் அவர் குழுவினரும் 2006-ல் 62 நோயாளிகளைக் கவனித்து எழுதிய ஆய்வில், 24 சதவீதம் பேருக்கு மூச்சு முயற்சிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் மெஷினோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் வெண்டிலேட்டரில் இருந்த நாட்களும் மற்றவர்களைவிட மிக அதிகம். அந்த வீண் முயற்சிகள் கூடுதலாகக் காணப்பட்டது சிஓபிடிக்காரர்களிடமும், தாராளமாகப் பிரஷர் சப்போர்ட் கொடுக்கப்பட்டவர்களிடமும். சௌகரியமாக இருக்கட்டும் என்று நாம் அள்ளிக் கொடுத்ததே அவர் மூச்சைத் திணறடித்திருக்கிறது. அதே குழு அடுத்துச் செய்த ஆய்வில், பிரஷர் சப்போர்ட்டைக் குறைத்தபோது அந்த வீண் முயற்சிகள் பெருமளவு அடங்கின. மயக்கத்தின் விலையும் நமக்குத் தெரியாததல்ல. 2000-ல் கிரெஸ் வெளியிட்ட 128 நோயாளிகளின் ஆய்வில், மயக்க மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்திப் பார்த்தவர்கள் 4.9 நாளில் வெண்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள், மற்றவர்களுக்கு 7.3 நாள் ஆயிற்று.

கடுமையான ஏஆர்டிஎஸ்ஸில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிலோவுக்கு 6 மில்லி என்பது 861 நோயாளிகளிடம் சோதித்து, இறப்பை 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதத்துக்குக் கொண்டுவந்த அளவு. காற்றுப்பசியில் இருப்பவர் அந்த அளவை ஏற்காமல் ஒரே இழுப்பில் இரண்டு மூச்சை வாங்கிக்கொண்டால் 6 என்பது 12 ஆகிவிடும். நுரையீரலைக் காப்பாற்ற வைத்த செட்டிங்கே அதைக் கிழிக்கும். அங்கே ஆழ்ந்த மயக்கம் தேவை, சிலருக்குத் தசைத்தளர்த்தியும் தேவை, கவிழ்த்துப் படுக்கவும் வைக்கிறோம். ஆனால் 2019-ல் வந்த ரோஸ் ஆய்வு, ஏஆர்டிஎஸ்ஸில்கூட எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் தசைத்தளர்த்தி கொடுப்பதால் உயிர் பிழைப்பு கூடவில்லை என்றுதான் காட்டியது. காரணம் தெரிந்து மயக்குவது வேறு, காரணம் தேடாமல் மயக்குவது வேறு.

ஒரு நர்ஸுக்கு மூன்று கட்டில், விழித்திருப்பவர் டியூபைப் பிடுங்கிவிட்டால் யார் பொறுப்பு என்பது இன்னொரு வாதம். ஆள் பற்றாக்குறை உண்மை, அதில் எனக்கும் கோபம் உண்டு. பிடுங்குவதும் நடக்கும்: ஜிரார்டின் 2008 ஆய்வில், தினமும் விழிக்க வைத்து மூச்சுச் சோதனை செய்த பிரிவில் 16 பேர் தாங்களே டியூபை எடுத்துக்கொண்டார்கள், மற்ற பிரிவில் 6 பேர். ஆனால் அவர்களில் திரும்ப டியூப் போடவேண்டியிருந்தது 5 பேருக்கும் 3 பேருக்கும்தான். அதாவது பலர் டியூப் தேவைப்படாத நிலைக்கு வந்திருந்தார்கள், நாம்தான் கவனிக்கவில்லை. ஓராண்டு கழித்து அதிகம் பேர் உயிரோடு இருந்ததும் விழிக்க வைத்த பிரிவில்தான்.

இப்போது கிளம்பியிருக்கும் பேச்சு வேறு. புது மெஷின்கள் தாமே ஒத்திசைத்துக்கொள்ளும், தெரபிஸ்ட் எதற்கு என்கிறார்கள். கொரோனா காலத்தில் நாடே வெண்டிலேட்டர்களின் எண்ணிக்கையைப் பேசியது. அதன் பக்கத்தில் நிற்கிறவர்களை ‘ஆபரேட்டர்’ என்றது. அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ தாக்கியபோது சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, கையால் பையை அழுத்தியே நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். நுரையீரல் இறுகினால் பை இறுகும், நோயாளி இழுத்தால் பை முன்னாலேயே தளரும். அழுத்துகிற கைக்கு இரண்டும் தெரியும். மெஷின் நம் கையின் சோர்வை வாங்கிக்கொண்டபோது அந்த உணர்வையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. அதற்கு ஈடாகக் கிடைத்தவைதான் அலைகள். அலையைப் படிக்கப் பழகாமல் எண்ணை மட்டும் படித்துவிட்டு நகர்கிற ஒரு தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. மோடின் பெயர் கேட்டால் பத்து சொல்கிறார்கள்; அடுத்த மூச்சுக்கு முன் ஃப்ளோ பூஜ்யத்துக்கு வந்ததா என்றால் திரையைத் தேடுகிறார்கள்.

ஒப்படைப்புத் தாளில் மயக்க மருந்து மணிக்கு எத்தனை மில்லி என்று எழுதத் தனிக் கட்டம் இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும். மெஷின் எண்ணியது 18, கை எண்ணியது 27, ஆட்டோ-பீப் 9, பிரஷர் சப்போர்ட் 16-லிருந்து 10-க்கு இறக்கியபின் இரண்டு எண்ணிக்கையும் 22 என்று அதில் எழுத வேண்டும். ‘ஃபைட்டிங்’ என்று எழுத அங்கே இடம் இருக்கக் கூடாது.