இல்லாத வீடு

தில்லி ஜாமா மசூதியின் தெற்கு மினாரில் ஏறி, பழைய நகரத்தை ஏழு படங்களாக எடுத்து வந்தார் அவர். கம்ப்யூட்டரில் ஒட்டவைத்தபோது இரண்டு குறைகள். குளிர்காலப் புகையில் வானம் சாம்பல் பூத்திருந்தது. நான்காவது படத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே விரலளவு இடைவெளி. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுக்கத் தவறியதன் விளைவு.

வானம் பெரிய விஷயமில்லை. 1850களின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கி வானத்தை வெளுக்கச் செய்தன. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவ், மேகத்துக்கு ஒன்று என்று இணைத்து அச்சிட்டார். இவரும் பழைய படம் ஒன்றிலிருந்து மழைக்கால மேகத்தைப் பொருத்தினார்.

இடைவெளியை மென்பொருளே நிரப்பியது. பக்கத்து மொட்டை மாடியை நகலெடுத்து, இல்லாத வீடொன்றைக் கட்டியது. ஒட்டுப்போட்ட தடமே தெரியவில்லை.

பெருமையுடன் பார்த்தவருக்கு ஃபெலிஸ் பியட்டோவின் ஞாபகம் வந்தது. 1858இல் அவர் இதே மசூதியிலிருந்து எடுத்த பனோரமாவில் வானம் வெறும் வெள்ளை. ஆனால் 1857 புரட்சிக்குப் பின் பிரிட்டிஷார் கோட்டையைச் சுற்றி ஏராளமான கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். எது எங்கே நின்றது என்பதற்கு அந்தப் படமும் ஒரு சாட்சி. பியட்டோ ஒரு வீட்டைக் கற்பனையாகச் சேர்த்திருந்தால்?

மறுநாள் மீண்டும் மினார் ஏறினார். விடுபட்ட துண்டு கிடைத்தது. வானம் அதே சாம்பல். இந்த முறை அதை அப்படியே விட்டுவிட்டார்.