அழைக்கப்படாத ஒரு மணி நேரம்

ஒலியை எடைபோட மொழியில் தனிச்சொற்கள் குறைவு. சலசல, கிணுகிணு, கணீர் என்று ஒலிக்குறிப்புகள் தமிழில் ஏராளம் உண்டு. ஆனால் ஒரு குரல் எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் உடனே மற்ற புலன்களிடம் கடன் வாங்கப் போய்விடுகிறோம். இனிய குரல் நாவிலிருந்து வந்தது. மெல்லிய குரல், கனத்த குரல், முரட்டுக் குரல் எல்லாம் கையிலிருந்து வந்தவை. உயர்ந்த விலை ஹெட்ஃபோன்களைக் கூடி உட்கார்ந்து கேட்டுப் பேசும் ஆர்வலர்களின் மொழி எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். அவர்களும் ஓயாமல் கடன் வாங்குகிறார்கள். பேஸ் சதைப்பற்றோடு இருக்கிறது என்கிறார்கள். ட்ரெபிள் குத்துகிறது. ஒன்று வெதுவெதுப்பாக இருக்கிறது, இன்னொன்று வறண்டுபோய் இருக்கிறது. 2003-இல் வந்த சென்ஹைசர் எச்டி 650-ஐப் பற்றி, இசையின் மேல் மெல்லிய திரை போட்டதுபோல் இருக்கிறது என்று உலகம் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறார்கள். இங்கேயும் அதைச் சொன்னார்கள். "முக்காடுன்னு சொல்லுங்க" என்றேன். சிரித்தார்கள்.

இந்தப் பேச்சை நான் கேட்பது கோவையில் என் தம்பி வீட்டு மாடியறையில். மாதத்தில் ஒரு ஞாயிறு அவனுடைய நண்பர்கள் ஐந்தாறு பேர் வருவார்கள். மென்பொருள், ஜவுளி, மருந்துக்கடை என்று ஆளுக்கொரு தொழில். ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேசையில் ஆம்ப்ளிஃபையர்களும் கம்பிகளும் பரப்பப்படும். ஒருவர் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கண் திறந்து ஏதாவது சொன்னதும் விவாதம் தொடங்கும். சொன்னதையெல்லாம் ஒரு நீளமான கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கிறார்கள். அந்த அறையில் உட்கார்ந்து கேட்கும் ஒரே பெண் நான். தம்பிக்கு அக்கா என்பதால் கிடைத்த நாற்காலி அது.

ஒருமுறை மருந்துக்கடைக்காரர் ஸ்டாக்ஸ் கொண்டுவந்தார். 1960-இல் முதல் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனை விற்பனைக்குக் கொண்டுவந்த ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் அது. தங்கள் கருவியை அவர்கள் ஹெட்ஃபோன் என்பதில்லை, இயர்ஸ்பீக்கர் என்கிறார்கள். சாதாரண ஹெட்ஃபோனில் கம்பிச்சுருளும் காந்தமும் சேர்ந்து ஒரு கூம்பை அசைக்கின்றன. இதிலோ தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு சவ்வு, துளைகள் உள்ள இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நிற்கிறது. சவ்வுக்கு 580 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். பாட்டு தகடுகளுக்குப் போகிறது. சவ்வு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுபடுகிறது. ஏறக்குறைய எடையே இல்லாத பொருள் என்பதால் ஒலி தொடங்குவதும் அடங்குவதும் அத்தனை துல்லியமாக இருக்கும் என்று விளக்கினார்கள்.

எனக்கு 'ப்ரியா' படப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். 1978-இல் ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள் அவை. யேசுதாஸும் ஜென்ஸியும் பாடியது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து எனக்குப் பழகிய பாட்டு. ரேடியோவில், டீக்கடையில், பேருந்தில், கல்யாண மண்டபத்தின் குழாய் ஒலிபெருக்கியில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனக்கென ஓர் இடம் பிடித்து நின்றது. ஜென்ஸி அடுத்த வரிக்காக மூச்சு இழுத்தது கேட்டது. பாடகியின் குரலைத்தான் இத்தனை நாள் எனக்குத் தெரியும். அந்தக் குரலுக்கு ஒரு நெஞ்சுக்கூடு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சில ஆண்டுகள் மட்டுமே தமிழில் பாடிவிட்டு, இசை ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடர்ந்தவர் அவர். நான் கழற்றி வைத்தபோது கண் கலங்கியிருந்தது. "சவுண்ட்ஸ்டேஜ் எப்படிங்க மேடம்?" என்று கேட்டார் ஜவுளிக்காரர். "அந்தப் பொண்ணு மூச்சு விடுது" என்றேன். நோட்டில் 'டீடெய்ல் அருமை' என்று எழுதிக்கொண்டார்.

இதுபோன்ற கருவிகளில் பெரும்பாலானவை ஓபன் பேக் வகை. காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்கப்படாமல் வலை மாதிரி திறந்திருக்கும். ஒலி எதிரொலித்து முட்டாமல் வெளியேறுவதால்தான் அந்த விசாலம் வருகிறது. ஆனால் உள்ளே உள்ளது வெளியே போகிற வழியாகவே வெளியே உள்ளது உள்ளேயும் வரும். மிக்ஸி ஓடினால் கேட்கும். குழந்தை அழுதால் கேட்கும். இத்தனை விலை கொடுத்து வாங்கியது ஓர் அமைதியான வீட்டுக்குள் மட்டுமே வேலை செய்யும். கம்பியை மாற்றினால் பின்னணி இரைச்சல் குறையுமா என்று அவர்கள் அரை மணி நேரம் பேசியதுண்டு. அந்த வீட்டின் பின்னணி இரைச்சலை யார் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நான் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியபோது பார்த்தேன்.

"எட்டரைக்குள்ள சட்னி, மசாலா எல்லாம் அரைச்சு முடிச்சிருவனுங்க்கா" என்றாள் தம்பி மனைவி. "வாஷிங் மெஷின அவங்க போனதுக்கப்புறம் போட்டுக்குவேன். பசங்கள காலைல எங்கம்மா வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்." புகாராகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையின் அட்டவணையைச் சொன்னாள். அமைதி அந்த வீட்டில் தானாகக் கிடைக்கவில்லை. காலை ஆறு மணியிலிருந்து சமைக்கப்பட்டு, மாடிக்குப் பரிமாறப்பட்டது.

உலகின் மற்ற இடங்களிலும் இந்தப் பொழுதுபோக்கின் நெடுநாள் பழக்கம் இதுதான். ஆங்கில ஆடியோ இதழ்களில் 'வைஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர்' என்றொரு சொல் உண்டு. ஒரு கருவியை மனைவி எந்த அளவுக்குச் சகித்துக்கொள்வாள் என்பதன் அளவீடு. 1983-இல் ஸ்டீரியோஃபைல் இதழில் லாரி கிரீன்ஹில் எழுதியதில் அது இடம்பெற்றது; சொல்லை உருவாக்கியவர் சக விமர்சகர் லூயிஸ் லிப்னிக் என்று அவரே குறிப்பிட்டார். வேடிக்கையாகப் பிறந்த சொல்தான். ஆனால் கேட்பவன் ஆண், தடுப்பவள் பெண் என்ற கணக்கு அதற்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கும் இரண்டு காது உண்டு என்பது அந்த அளவீட்டில் எங்கேயும் வராது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய அமெரிக்க வீடுகளில் ஹை-ஃபை எப்படி ஆண்கள் தமக்கென வீட்டுக்குள் ஓர் இடம் பிடிக்கும் வழியாக இருந்தது என்று கீர் கீட்லி 1996-இல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்.

கேட்கும் கருவியைக் காதில் மாட்டிய ஆரம்பகால மனிதர்களில் பெண்கள் ஏராளம் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1878-இல் பாஸ்டன் தொலைபேசி நிலையத்தில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வரிசை வரிசையாகப் பெண்கள் காதில் கருவியோடு உட்கார்ந்து அடுத்தவர் பேச்சை இணைத்துக்கொடுத்தார்கள். கூலிக்குக் கேட்டார்கள். 1910-இல் யூட்டாவில் நதானியேல் பால்ட்வின் சமையலறை மேசையில் செய்த ஹெட்ஃபோன் அமெரிக்கக் கடற்படைக்குப் போனது. 1958-இல் மில்வாக்கியில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்ஃபோனைக் கொண்டுவந்தபோதுதான் அது ஓய்வாகச் சாய்ந்து இசை கேட்கும் பொருளானது. வேலையாக இருந்தவரை பெண்ணின் காதில் இருந்த ஒன்று, இன்பமானதும் ஆணின் காதுக்கு இடம் மாறிவிட்டது.

பெண்ணின் குரலுக்கு மட்டும் அங்கே எப்போதும் இடமுண்டு. கருவியைச் சோதிக்க எடுத்த எடுப்பில் போடுவது பெண் குரலைத்தான். ச, ஸ ஒலிகள் சீறுகின்றனவா, உச்சத்தில் குரல் கிழிகிறதா என்று பார்க்க வசதி என்பார்கள். சுசான் வேகா வாத்தியமே இல்லாமல் தனியே பாடிய 'டாம்ஸ் டைனர்' பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் எம்பி3 முறையைச் செப்பனிட்டார். அந்தக் குரலை அழிக்காமல் சுருக்க முடிந்தால் எதையும் சுருக்கலாம் என்பது தர்க்கம். பெண் குரல் அளவுகோல்; பெண் காது இடையூறு. ஒரே அறைக்குள் இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தமிழ் படித்தவள் என்பதால் என் மனம் குறுந்தொகைக்குப் போகிறது. 138-ஆம் பாட்டு, கொல்லன் அழிசி பாடியது. ஊரே தூங்குகிறது. தோழியும் தலைவியும் தூங்கவில்லை. வீட்டருகே நிற்கும் நொச்சி மரத்திலிருந்து பூ உதிர்கிற ஓசையை இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோழி சொல்கிறாள். பூ விழும் ஓசை! எந்தச் சவ்வும் எட்ட முடியாத துல்லியம். ஆனால் அந்த நுட்பம் இசைக்கானதல்ல, வருகிறவனுக்கானது. காதலனுக்காகவோ, பிள்ளை இருமுவதற்காகவோ, மாமியார் கூப்பிடுவதற்காகவோ, கேட் திறக்கும் சத்தத்துக்காகவோ தீட்டப்பட்ட காது அது. வள்ளுவர் கேள்விக்கு 42-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கி, செவியால் பெறுவதைச் செல்வங்களின் உச்சியில் வைத்தார். அந்த அதிகாரம் இருப்பது அரசியல் பகுதியில், அரசனுக்குரிய தகுதிகளோடு. அரசனுக்குச் செல்வமாக இருப்பது வீட்டுப் பெண்ணுக்குப் பணியாக இருக்கிறது.

அடுத்த மாதம் நான் கீழே போய் அவளைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டி வந்தேன். "நீயும் ஒருதரம் கேளு கண்ணு." நண்பர்கள் மரியாதையாக எழுந்து இடம் விட்டார்கள். அதே ஸ்டாக்ஸ். அவளுக்குப் பிடித்த எஸ். ஜானகி பாட்டு. முதல் அரை நிமிடம் அவள் முகம் எங்கேயோ போயிருந்தது. பிறகு வலது கிண்ணத்தை விரலால் மெல்லத் தூக்கினாள். "அக்கா, குக்கர் எத்தன விசில் ஆச்சுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரலை எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து ஆண்டுகளாக நான் ஒற்றைக் காதில்தான் பாட்டுக் கேட்கிறேன். வலது காதில் இயர்ஃபோன், இடது காது வீட்டுக்கு. ஸ்டீரியோ என்பது இரண்டு காதுக்குமான ஏற்பாடு. பாதிப் பாட்டு ஒரு பக்கம், பாதி மறுபக்கம். நம்மில் எத்தனையோ பேர் ஆயுள் முழுக்கப் பாதிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கருவி மோசம் என்பதால் அல்ல. இன்னொரு பாதிக் காது பணியில் இருக்கிறது என்பதால்.

சென்ஹைசர் 2015-இல் எச்இ 1 என்றொரு அமைப்பை அறிவித்தது. இத்தாலியின் கராரா பளிங்கில் செதுக்கிய பீடம். பொத்தானை அழுத்தினால் 8 வெற்றிடக் குழாய்கள் பளிங்கிலிருந்து மெல்ல எழும்பி வரும். அறிவித்தபோது சொன்ன விலை கிட்டத்தட்ட 50,000 யூரோ. தம்பியின் நண்பர்கள் அதைப் பற்றிக் கோயில் தேரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். அதை அவள் தலையில் வைத்தாலும் ஒன்றரை நிமிடத்தில் விரல் கிண்ணத்துக்குப் போகும். அவளுக்குத் தேவைப்பட்ட கருவி பளிங்கில் இல்லை. அடுப்பை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற நிச்சயம்தான் அது. அந்த நிச்சயம் கிடைத்தால் போனோடு வந்த இயர்ஃபோனே போதும்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். சண்டையாகச் சொல்லவில்லை, அவனுடைய மொழியிலேயே சொன்னேன். "உன் நாய்ஸ் ஃப்ளோரை இத்தனை வருஷமா அவதான்டா குறைச்சிட்டிருக்கா. அவளுதை யாரு குறைப்பா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நாங்க யாரும் அவளைக் கேட்க வேண்டாம்னு சொல்லலியே அக்கா" என்றான். உண்மைதான். யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாதபடி வீடு கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது அந்த ஞாயிறுகளில் மூன்று மணிக்கு நண்பர்கள் கிளம்பிய பிறகு ஒரு மணி நேரம் மாடியறை அவளுடையது. கதவு சாத்தியிருக்கும். பால்காரர், பிள்ளைகள், காஸ், கேட் எல்லாம் தம்பி பொறுப்பு. முதல் இரண்டு முறையும் பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டாள். பால் வைக்கத் தெரியாமல் அவன் பொங்கவிட்ட வாசம் மாடிக்கே வந்துவிட்டது என்றாள். மூன்றாவது முறை நான்கு மணி தாண்டியும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காதிலும் கிண்ணம் பொருந்தியிருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

நண்பர்கள் கூடிய அடுத்த மாதம் நோட்டில் அவளுடைய கருத்தையும் எழுத வேண்டும் என்று ஜவுளிக்காரர் கேட்டார். பேஸ் எப்படி, குரல் எப்படி என்று விசாரித்தார். டீத் தட்டோடு நின்றவள் கொஞ்சம் யோசித்தாள்.

"யாரும் கூப்பிடலைங்க" என்றாள்.

எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தம்பி நோட்டை வாங்கித் தேதி போட்டு, அவள் பெயரை எழுதி, அவள் சொன்னதை அப்படியே எழுதினான். பிறகு எழுந்து தட்டை வாங்கிக்கொண்டான்.