வேன் கண்ணாடி ரப்பரும் விதை மல்லாட்டையும்

பழைய ஆம்னி வேன் நிற்காத காய்கறிச் சந்தையைப் பார்ப்பது அரிது. 1984-ல் மாருதி வேனாக வந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை தயாரான வண்டி இது. பால் கேன், கத்தரிக்காய் மூட்டை, கோழித்தீவனம், கல்யாணத்துக்குக் கிளம்பும் குடும்பம் என எல்லாவற்றையும் சுமக்கும். இன்ஜின், டயர், பேட்டரி மீது வைக்கும் கண்ணைக் கண்ணாடி ரப்பர் மீது யாரும் வைப்பதில்லை.

செஞ்சி பக்கம் 3 ஏக்கர் கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயி ஒருவருக்கும் அப்படித்தான். மார்கழிப் பட்டத்துக்காக மல்லாட்டையை மில்லில் உடைத்து வந்த அன்று அடைமழை. ஒரு ஏக்கருக்கான விதைப்பருப்பை நனையாமல் இருக்கட்டும் என்று வேனிலேயே விட்டார். மூன்று நாள் கழித்துப் பிரித்தால், மூட்டைகளின் அடிப்பகுதி முழுக்கப் பூசணம். மேலாக இருந்த பருப்பில் நூறை எடுத்து ஈரச் சாக்கில் முளைக்க வைத்தார். பாதிகூட முளைக்கவில்லை. விதையைக் கடன் வாங்கித்தான் விதைத்தார்.

வேனை விற்றுவிடலாம் என்று விசாரித்தபோது, கிட்டத்தட்ட காயலான் கடை விலைக்குத்தான் கேட்டார்கள். அவர் அப்பா வாங்கிய வண்டி. மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. "ஏங்க, தண்ணி எங்க வருதுன்னு பாத்துட்டு அப்புறம் வித்துக்கலாம்" என்றார்.

கதவு ரப்பர்தான் போய்விட்டது என்று நினைத்திருந்தார் விவசாயி. மனைவி டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார்ந்துகொள்ள, இவர் வெளியே கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். கதவில் ஒரு சொட்டு இல்லை. முன் கண்ணாடியின் மேல் மூலையில் ஊற்றியதும் தண்ணீர் உள்ளே புகுந்து, ஓரத் தகரத்தின் வழியாக இறங்கி, மேட்டுக்கு அடியிலேயே பின்பக்கம் ஓடியது. மூட்டை நனைந்த இடத்துக்கும் ஒழுகிய இடத்துக்கும் ஐந்தடி தூரம்!

"சிலிக்கான் பூசி அடைச்சிடலாமா?" என்று டிங்கரிடம் கேட்டார். "பூசலாம் அண்ணே. ஆனா உள்ள நிக்கிற தண்ணி வெளிய வராது. தகரம் அரிச்சுப் போயிடும்" என்றார் அவர்.

பழைய ரப்பரின் உதட்டைக் கத்தியால் அறுத்து, இருவர் சேர்ந்து கண்ணாடியை எடுத்தார்கள். அடியில் தகர விளிம்பு துருவேறி இருந்தது. கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டுத் துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த ஓரிடத்தில் தகரம் வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் அடித்து நன்றாகக் காயவிட்டார்கள். துருவின் மேலேயே புது ரப்பர் போட்டால் சரியாக உட்காராது. அடுத்த மழைக்கே ஒழுகும்.

பிறகு கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பரை மாட்டி, தகரம் உட்காரும் காடியில் நைலான் கயிற்றைச் சுற்றினார் டிங்கர். கயிற்றின் இரு முனையும் வேனுக்குள் தொங்கின. சோப்புத் தண்ணீர் தடவி, விவசாயி வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, டிங்கர் உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தது. கடைசியாக பீடிங். பின் கண்ணாடிக்கும் அதே முறைதான். அதன் ஓரத்தில் மட்டும் அடிபடவே கூடாது, மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கதவு ரப்பர்களையும் கையோடு மாற்றினார்கள். அவற்றின் இணைப்பு கீழ்ப்பக்கம் வரவேண்டும். மேலே வந்தால் அந்த வழியாகவே தண்ணீர் இறங்கும்.

எல்லாம் சேர்த்து, கெட்டுப்போன விதைப்பருப்பின் விலைகூட ஆகவில்லை. வேன் இப்போதும் சந்தைக்குப் போகிறது. விதை மூட்டையை மட்டும் அவர் வீட்டுக்குள் பலகை போட்டுத்தான் வைக்கிறார்.

பழைய வேன் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே மேட்டைத் தூக்கித் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள். ரப்பரை நகத்தால் அழுத்தினால் மீண்டு வரவேண்டும்; வெடிப்பு தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. டீசலோ கிரீஸோ தொட்டு ரப்பரைத் துடைக்காதீர்கள், ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். வேப்பமரத்தடியில் நிறுத்துபவர்கள், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திச் சருகை எடுத்துவிடுங்கள்.