ஒரு சாண் நாடா

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. அதனைப் பலகாற் கேட்டிருந்தும், பதறி ஒன்றைச் சிதறவிட்ட பின்னரே யான் அதன் பொருளை உணர்ந்தேன். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவல்.

1987-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. நெய்வேலி நகரியத்தில் எங்கள் இல்லத்து வாயிலிற் பழைய அம்பாஸிடர் வண்டி ஒன்று நின்றது. அதிற் பொருத்தியிருந்த காஸெட்டுப் பெட்டியன்றி வேறொன்று எங்களிடம் இல்லை. குவைத்தில் தொழில் புரிந்து ஆங்கே காலமான என் மாதுலர், கடிதத்திற்குப் பதிலாகத் தம் குரலைப் பதித்து அனுப்பிய நாடா ஒன்று இருந்தது. மாலைதோறும் அன்னையார் வண்டியுள் அமர்ந்து தம்பியின் குரலைக் கேட்பார்.

ஒருநாள் அக்குரல் நடுங்கிற்று. கிணற்றினின்று எழுவதுபோல் மங்கிற்று. பௌதிகம் பயிலும் மாணவன் என்னும் செருக்கால், மின்சாரக் கோளாறே என்று துணிந்து, கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைத்து, நாடாவை ஓட்டினேன். பெட்டி அதனை விழுங்கிற்று. பதறி இழுத்தேன், நாடா அறுந்தது.

சுரங்கத்திலிருந்து இரவு மீண்ட தந்தையார் என்னைக் கடிந்திலர். “தம்பி, ரேடியோ பாடுகின்றதா?” என்று மட்டும் வினவினார். “பாடுகின்றது” என்றேன். “அங்ஙனமாயின் மின்சாரத்திலும் ஒலிபெருக்கியிலும் குற்றமில்லை, நாடா செல்லும் வழியைப் பார். இங்கே 1957-இல் மண்ணை வெட்டத் தொடங்கியும் 1961-இல்தான் கரி கண்ணிற்பட்டது. கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துகின்றது. அதனை இறைத்துத் தணித்தாலன்றிக் கரியை வெட்ட இயலாது. காணும் குறையை விட்டுக் காணாத காரணத்தைத் தேடு” என்றார்.

மறுநாள் பெட்டியைக் கழற்றி, மூடியை நீக்கி நோக்கினேன். ஒரே வேகத்திற் சுழலும் சிறு எஃகுத் தண்டின்மேல் ரப்பர் உருளை நாடாவை அழுத்த, அது நகர்கின்றது. அவ்வுருளையில் நாடாவினின்று உதிர்ந்த செந்துகளும் ஊர்ப்புழுதியும் பிசினெனப் படிந்திருந்தன. ஆதலின் நாடா அதிற் சுற்றிக்கொண்டது. ஒலியைப் படிக்கும் ஹெட்டின் முகத்திலும் அப்படலமே. ஆதலின் குரல் மங்கிற்று. மோட்டாரினின்று இயக்கத்தைக் கொணரும் பெல்ட்டு தளர்ந்திருந்தது. ஆதலின் குரல் நடுங்கிற்று. குறை மூன்றுக்கும் காரணம் கண்முன்னே இருந்தது, மின்கம்பியில் ஏதுமில்லை.

பஞ்சிற் சாராயம் தோய்த்து உருளையையும் ஹெட்டையும் துடைத்தேன். கடலூரிற் புதிய பெல்ட்டு வாங்கி மாட்டினேன். தந்தையார் சொற்படி, பயனற்ற வேறொரு நாடாவை முதலில் ஓட்டிப் பார்த்தேன், பிழையின்றி ஓடிற்று.

பின்னர் அறுந்த நாடாவை எடுத்தேன். கசங்கிக் கிழிந்த பகுதியை வெட்டி நீக்கி, ஹெட்டிற் படாத பின்புறத்தே மெல்லிய ஒட்டுநாடாவால் இரு நுனிகளையும் இணைத்தேன். நீக்கியது ஒரு சாண் அளவே. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் அஃது ஏறக்குறைய ஐந்து விநாடிப் பேச்சு.

அன்று மாலை அன்னையார் வண்டியுள் அமர்ந்தார். குரல் தெளிவாய் எழுந்தது. ஒட்டுப்போட்ட இடம் வந்தபோது பேச்சு நடுவில் துள்ளிற்று. இழந்த சொற்கள் யாவை என யான் அறியேன், அன்னையார் அறிவார். அவர் உதடுகள் அசைந்தன: “அக்கா, வேளைக்குச் சாப்பிடு.”

அவர் என்னை ஒன்றும் கேட்டிலர். அன்றுமுதல், பழுதுற்ற எப்பொருளிலும் கை வைக்குமுன், “ரேடியோ பாடுகின்றதா?” என்னும் வினாவை எனக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்கின்றேன்.