சிட்னிப் பள்ளிகளின் சனிக்கிழமைகள்

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ‘ஜீ.பி.எஸ்.’ என்ற மூன்றெழுத்தால் அறியப்படும் பள்ளிகள் ஒன்பது உள்ளன. ‘கிரேட் பப்ளிக் ஸ்கூல்ஸ்’ என்பதன் சுருக்கமான இப்பெயரில் ‘பப்ளிக்’ என்னும் சொல் அரசுப் பள்ளியைச் சுட்டுவதன்று; இங்கிலாந்தின் பழைய வழக்கைப் பின்பற்றி, பெருங்கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளையே அது குறித்தது. விளையாட்டுப் போட்டிகளை நடத்துவதற்கென 1892இல் தோன்றிய சங்கத்தில் இன்று உறுப்புரிமை பெற்றுள்ள இப்பள்ளிகளுள் சிட்னி ஆண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றே அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்பில் எழுதும் தெரிவுத் தேர்வின் வழியாகவே அது ஏழாம் வகுப்புக்கு மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது. வென்ட்வேர்த்வில், ஹோம்புஷ் முதலிய புறநகர்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் இத்தேர்வுக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும்போது அவர்கள் மனத்தில் நிற்பவை கணிதமும் பின்னாளைய மருத்துவப் படிப்புமே. இடம் கிடைத்த பின்னர்தான் அக்குடும்பத்தின் நாட்காட்டியை விளையாட்டு வகுக்கத் தொடங்குகிறது.

இங்கே பள்ளியாண்டு சனவரிக் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கோடைக்குரிய கிரிக்கெட்டும் கூடைப்பந்தும் படகோட்டமும் ஆண்டின் முதற்பருவத்தையும் கடைப்பருவத்தையும் நிரப்ப, நடுவிலுள்ள குளிர்கால மாதங்களை ரக்பியும் உதைபந்தாட்டமும் எடுத்துக்கொள்கின்றன. செப்டம்பரில் மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறும். சிறந்த பதினைந்து பேர் மட்டும் ஆட, ஏனையோர் கைதட்டும் முறை இங்கு இல்லை. பதின்மூன்று வயதுப் பிரிவு தொட்டு ஒவ்வொரு வயதிலும் ஏ, பி, சி என அணிகள் இறங்குவரிசையில் அமைவதால், பந்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத சிறுவனுக்கும் ஓர் அணியும் ஒரு சீருடையும் சனிக்கிழமை காலையில் ஓர் எதிராளியும் உண்டு. காலைப் பனி உலராத புல்லில் கீழ் அணிகள் முதலில் ஆடி முடிக்க, மாலையில் முதல் அணி களமிறங்கும் வேளையில், காலையில் தோற்ற சிறுவர்களும் ஓரத்தில் நின்று பள்ளியின் முழக்கத்தைத் தொண்டை கட்டும்வரை எழுப்புவர். இம்முறையின் ஆகச் சிறந்த பண்பு இதுவே எனத் துணிந்து கூறலாம்.

படகோட்டத்தைத் தனியே நோக்க வேண்டும். மார்ச்சில் நடக்கும் ‘ஹெட் ஒஃப் த ரிவர்’ எனப்படும் போட்டி, 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்காகப் பென்றித்தில் அமைக்கப்பட்ட செயற்கை நீர்த்தடத்தில் இன்று இடம்பெறுகிறது. எண்மர் முடிவுக்கோட்டுக்கு முதுகுகாட்டி அமர்ந்து 2,000 மீற்றர் துடுப்பு வலிக்க, அவர்களை எதிர்நோக்கி அமரும் சுக்கானியான ‘கொக்ஸ்’ மட்டுமே செல்லும் வழியைக் காண்கிறான். எடை குறைந்தவனுக்கே உரிய இடம் அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்த ஓட்டத்துக்காக விடியற்காலையில் எழுந்து மாதக்கணக்கில் பயின்ற சிறுவனின் உள்ளங்கையில் கொப்புளங்கள் வெடித்துக் காய்த்து, அவற்றின்மேல் வெள்ளை ஒட்டுநாடா சுற்றியிருக்கும்; கணக்குப் பயிற்சிக்குப் பேனா பிடிக்கும் கையும் அதுவே.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தந்தையருக்குப் பள்ளிப் போட்டியின் வேகம் புதியதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் கிரிக்கெட் ஆட்டம் ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்ற பெயரோடு ஊரையே இரு பாதியாக்குவதை அவர்கள் கண்டவர்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்லங்களைச் சோடித்த நினைவும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அங்கே அது ஆண்டில் சில நாள் வந்துபோகும் திருவிழா, இங்கே வாரந்தோறும் நிறைவேற்ற வேண்டிய கடமை. எட்டு எட்டுப் பேர் தோள்பின்னி முட்டித்தள்ளும் ரக்பியின் ‘ஸ்க்ரம்’ மகனின் கழுத்தை என்ன செய்யுமோ என அஞ்சும் தாய்மாரின் கவலை நியாயமானதே. எனினும் மைதான ஓரத்தில் தோடம்பழம் வெட்டிக்கொடுத்தபடி பிற தாய்மாரோடு பேசப் பழகிய பின்னரே, அலுவலகமும் அயலும் தராத நெருக்கத்தோடு இந்நாடு அவர்களுள் பலருக்கு அறிமுகமாயிற்று.

இதற்குக் கொடுக்கும் விலை தமிழிலிருந்தே கழிகிறது. சிட்னியின் தமிழ்ப் பள்ளிகள் பல சனிக்கிழமைகளில் நடப்பவை. பன்னிரண்டு வயதுவரை தவறாது வந்த சிறுவன் ஏழாம் வகுப்பில் சேர்ந்ததும் ஆட்ட நாள்களில் வாராமற்போய், அடுத்த பருவத்தில் அறவே நின்றுவிடுகிறான். மாநிலத்தின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்த் தேர்வில் தமிழ் ஒரு பாடமாக இருந்தும், அதை எழுதக்கூடிய ஒரு மாணவன் இவ்வாறு கைநழுவுகிறான். அவனது ஆர்வக் குறைவென்று இதைச் சொல்வது அநீதி. வெள்ளி மாலைகளைச் சில மாணவரிடமிருந்து விவாதப் போட்டிகள் எடுத்துக்கொள்வதால் எஞ்சுவது ஞாயிறு ஒன்றே. உயர்வகுப்பு மாணவர்க்கேனும் ஞாயிறு காலையில் ஒரு வகுப்பைத் திறக்க, சனிக்கிழமைகளில் இயங்கும் தமிழ்ப் பள்ளிகளின் நிருவாகிகள் அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையை வரையும்போதே முடிவுசெய்தல் வேண்டும்.