மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மாலுமி

கப்பலுக்கு வழிசொல்லும் வல்லுநரை நாம் மாலுமி என்கிறோம். அரபியில் ஆசிரியரைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்னும் சொல்லே கடல்வழியாக நம் கரைக்கு வந்து மாலுமியாயிற்று என்பதை வாசகர்களிற் பலரும் அறிவர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஜுல்ஃபார் என்னும் ஊரிலே தோன்றிய அஹ்மது இப்னு மாஜித் போன்ற மாலுமிகள், ஒரு சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் துணையாகக் கொண்டு துருவ மீனின் உயரத்தை அளந்து, கப்பல் எவ்விடத்தில் நிற்கிறது என்று கணித்தார்கள். அப்பலகைக்குக் ‘கமால்’ என்று பெயர். 1498இல் வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித்தே என்றொரு கதை நம்மிடையே நெடுநாளாக உலவுகிறது. ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. நாமும் ஏற்கவில்லை.

அத்தகைய மாலுமி ஒருவர் இப்போது மோட்டார் சைக்கிளுக்கும் வேண்டியவராகிவிட்டார். நம் தங்கை மகன், வயது இருபத்திரண்டு, கிளியரிங் ஏஜெண்டு ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். காலையில் இராயபுரத்தில் வண்டியை உதைத்தானென்றால், காகிதக் கட்டுடன் திருவொற்றியூர், மணலி, மாதவரம், எண்ணூர் என்று கண்டெய்னர் யார்டுகளைச் சுற்றிவிட்டு இருட்டிய பிறகே வீடு திரும்புவான். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயற்படத் தொடங்கியது; 2014இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. அதையும் தாண்டி வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்துவிட்டது. சென்னைத் துறைமுகத்தின் வாயில்களை மட்டும் அறிந்திருந்த அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களுக்கு இல்லாத அலைச்சல் இன்றைய பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது.

அவனோடு வேலை பார்த்த இன்னொரு பையன், தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே கைபேசியைச் செருகிக்கொண்டு, யார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டவாறே எண்ணூர் விரைவு சாலையில் சென்றவன், ஒரு டிரெய்லரின் பின்சக்கரத்தில் அகப்பட்டு ஒரு காலை இழந்தான். அந்தச் செய்தி வந்த இரவு நம் தங்கை சோறு உண்ணவில்லை. “காக்கா, அவன் சம்பாதிச்சுப் போடறது இருக்கட்டும். போன புள்ள முழுசா வீடு வந்து சேரணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றாள். கணவனை இழந்து ஐந்தாண்டாகிய பெண்ணுக்கு வேறென்ன சொல்ல வரும்!

சாலையின் இயல்பைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறது. கைப்பிடியில் உள்ள படத்தை இரண்டு வினாடி குனிந்து பார்த்தால் 22 மீட்டர் போய்விடும். நாற்பதடிக் கண்டெய்னரின் நீளம் 12 மீட்டர்தான். எனவே, வழிகாட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலிற் கேட்கவேண்டியது அதில் என்னென்ன காணலாம் என்பதன்று. எவ்வளவு குறைவாகப் பார்த்தால் போதும் என்பதே. கடைக்காரர்கள் இதை எங்கே சொல்லப் போகிறார்கள்!

இக்கருவி எப்படி வேலை செய்கிறது என்பதில் நம் வீடுகளில் ஒரு மயக்கம் உண்டு. ‘டவர் கிடைக்காத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது’ என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசு நிறுவிய செயற்கைக் கோள்களின் கூட்டம். முதற்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1995இல் ஏற்பாடு முழுமை பெற்றது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும் தன்னுள்ளிருக்கும் அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கிறது. நான்கு கோள்களின் அறிவிப்பு வந்து சேர்ந்தால், அவை வந்த நேர வேறுபாட்டைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். கைபேசிக் கோபுரத்துக்கு இதில் வேலையில்லை. வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிசகினால் 300 மீட்டர் இடம் பிசகும். பழவேற்காட்டுச் சின்னப் பள்ளிவாசலிலுள்ள சூரியக் கடிகாரத்தைக் கண்டவர்களுக்கு, நிழல் விழும் இடத்தைக் கொண்டு நேரத்தை அறிந்த காலம் நினைவுக்கு வரும். இங்கே நேரத்தைக் கொண்டு இடத்தை அறிகிறார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான அறிவிப்பில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. நூறு மீட்டர் வரை தவறு நேர்ந்தது. அது நீக்கப்பட்ட பிறகே தெருவுக்குத் தெரு வழிசொல்லும் கருவிகள் நம்பத்தக்கவை ஆயின.

கோபுரம் வேண்டியது வரைபடத்துக்குத்தான். கைபேசியில் தோன்றும் படம் இணையத்தின் வழியே அவ்வப்போது இறங்குவது. முன்னதாகவே இறக்கி வைத்திருந்தாலன்றி, இணைப்பு அற்றால் வெறுந்தாளின்மேல் ஒரு புள்ளி மட்டும் நகரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் கைபேசிகள் ஊமையானதை நாம் மறக்கவில்லை. தனிக்கருவியிலோ வரைபடம் உள்ளேயே பதிந்திருக்கிறது.

ஆயினும் மருமகனின் கட்சி கைபேசிக் கட்சியே. “மாமா, கையில இருக்குறப்ப இன்னொண்ணு எதுக்கு? தமிழ்லயே வழி சொல்லுது” என்று வாதாடினான். அவன் சொன்னதில் உண்மையில்லாமல் இல்லை. கூகுள் நிறுவனம் இருசக்கர வண்டிகளுக்கென்றே தனி வழிமுறையை 2017 டிசம்பரில் முதன்முதலாக இந்தியாவுக்குத்தான் தந்தது. எங்கே நெரிசல் என்பதையும் கைபேசி உடனுக்குடன் காட்டும். சட்டமும் தடுக்கவில்லை, கவனத்தைக் கெடுக்காத முறையில் வழியறிய மட்டும் கைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதி சொல்கிறது.

நாம் வேறு பக்கத்தைப் பார்த்தோம். அவன் ஓட்டுவது அவன் அத்தா விட்டுச்சென்ற பழைய புல்லட். அதன் அதிர்ச்சியை அறியாதவர் இப்பகுதியில் யார்? ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள்களின் அதிர்ச்சி ஐபோனின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று அதைச் செய்யும் ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அக்கினி நட்சத்திர வெயிலில் கைபேசி சூடேறித் திரையை மங்கச் செய்துகொள்ளும். சில வேளை அணைந்தேவிடும். மழைத்துளி விழுந்தால் திரை விரலையும் நீரையும் பிரித்தறியாது. இவை எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு: அது மணியடிக்கும். ‘பேப்பர் எங்கே?’ என்று முதலாளி அழைப்பார். வாட்ஸ்அப் செய்தி வந்து வரைபடத்தின் தலையை மறைக்கும். அந்தப் பையனின் காலை வாங்கியது வரைபடமன்று, அழைப்பு.

இதைச் சொன்னதும் தங்கை தீர்ப்பளித்துவிட்டாள்: கைப்பிடியில் கைபேசி கூடாது.

பிறகு தேடல் தொடங்கிற்று. பர்மா பஜாரில் காருக்கான பழைய வழிகாட்டிகள் மலிவாகக் கிடைத்தன. கார்க் கருவி மூடிய அறைக்குள் வாழ்வது. மழைக்கும் மணலிப் புழுதிக்கும் அது ஆகாது. வெயிலில் திரை தெரியாது; கையுறை அணிந்த விரலுக்கு மசியாது. அதிலிருந்த வரைபடத்தின் வயது வேறு நம்மை அச்சுறுத்தியது. எண்ணூர் – மணலி சாலை விரிவாக்கத்தால் இப்பகுதியின் முகமே மாறியிருக்க, பழைய படத்தை நம்பிப் போகிறவன் மதிற்சுவரில்தான் முட்டுவான்.

மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்படுபவை வேறு இனம். கார்மின் நிறுவனத்தின் சூமோ வரிசை அவற்றுள் பெயர் பெற்றது. இத்தகைய கருவிகளில் ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். வெயிலிலும் தெரியும் திரை, கையுறைக்கு இணங்கும் தொடுதல், வண்டியின் பாட்டரியிலிருந்தே மின்சாரம் பெறும் தாங்கி ஆகியவை மற்ற சிறப்புகள். விலையைக் கேட்டதும் மருமகன் எழுந்தே நின்றுவிட்டான். அவனுடைய மூன்று மாதச் சம்பளம்.

துபாயிலிருக்கும் நம் மச்சானுக்குச் செய்தி எட்டியது. அங்கே வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். வளைகுடாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். அங்கு விற்கும் கருவியில் பெரும்பாலும் அப்பகுதியின் வரைபடமே பதிந்திருக்கும். இந்திய வரைபடத்துக்குத் தனியே செலவாகலாம். பழுதுபார்க்கும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அதே கார்மின் நிறுவனம் இன்ரீச் என்றொரு கருவியையும் விற்கிறது. அது செயற்கைக் கோள் வழியே செய்தி அனுப்பவும் வல்லது. உரிமமின்றி அத்தகைய கருவியை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். கேட்பது மட்டும் செய்யும் ஜி.பி.எஸ். கருவி வேறு, பேசவும் செய்யும் கருவி வேறு. பெட்டியின் மேற்புறம் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மச்சானை நாம் பணம் மட்டும் அனுப்பச் சொன்னோம்; பாதிக்குப் பாதி அனுப்பினார். தங்கை கழற்றி வைத்த வளையல் மீண்டும் அவள் கைக்கே போயிற்று.

இடையில் ஒரு நண்பர் வேறோர் ஆலோசனை சொன்னார். 1955இல் தொடங்கப்பெற்று, நம் திருவொற்றியூரிலே ஆலை அமைத்த என்ஃபீல்டு நிறுவனம், ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரில் 2020 நவம்பரில் மீட்டியோர் 350 வண்டியை வெளியிட்டபோது, ‘டிரிப்பர்’ என்றொரு சிறு வட்டத் திரையை அதில் பொருத்தியது. அதில் வரைபடம் கிடையாது. இன்னும் எத்தனை தூரத்தில் எப்பக்கம் திரும்பவேண்டும் என்று ஓர் அம்பு மட்டும் காட்டும். கைபேசி சட்டைப் பையிலேயே கிடக்கும். குறைவாகப் பார்த்தால் போதும் என்ற நம் கட்டளைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்றே நாம் கருதினோம், இன்றும் கருதுகிறோம். ஆனால் கைபேசியின் துணையின்றி அது இயங்காது. பழைய புல்லட்டில் அதைப் பொருத்தும் வகையும் நமக்குப் புலப்படவில்லை. புதுவண்டி வாங்குவோர் எண்ணிப் பார்க்கலாம்.

முடிவு செய்ய நமக்கு உதவியவர் காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஒருவர். அவர் படகில் ஜி.பி.எஸ். பல ஆண்டுகளாக இருக்கிறது. “படம் பெருசா இருக்கா, பாட்டுப் பாடுமான்னு பாக்காதீங்க பாய். எடத்தைக் குறிச்சு வெக்க எத்தினி பட்டன் அமுக்கணும்னு பாருங்க” என்றார். மீன் படும் இடத்தையும், வலை கிழிக்கும் பாரையையும் எண்களாகக் குறித்து வைத்திருக்கிறார். அந்த எண்களை உடன்பிறந்தவருக்கும் எளிதிற் சொல்லமாட்டாராம்.

அவர் சொன்னதன் அருமை யார்டுகளை நினைத்தபோது விளங்கிற்று. வரைபடத்தில் ஒரு யார்டின் பெயரைத் தேடினால், பல ஏக்கர் நிலத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் காட்டும். வாயிலோ பின்புறத்துச் சாலையில் இருக்கும். டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் சாலையில் திரும்பி வருவதுதான் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு யார்டிலும் இடத்தை அல்ல, வாயிலைக் குறித்து வைக்கவேண்டும். அடுக்கிய கண்டெய்னர்களுக்கு அருகே நின்று குறிப்பதும் கூடாது; இரும்பில் பட்டுத் திரும்பும் அலைகள் கணக்கைக் குழப்பும். வானம் திறந்த இடத்தில் சற்று நின்று குறிக்கவேண்டும்.

எண்களை எழுதும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். கடலோர் பாகை, கலை என்று எழுதுவார்கள். கைபேசி பாகையைத் தசமத்தில் எழுதும். 13 பாகை 06.6 கலை என்பது தசமத்தில் 13.11. அதைச் சேர்த்தெழுதி 13.066 என்று பதிந்தால் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தெற்கே போய்விடும். இராயபுரம் வரவேண்டியவன் சேப்பாக்கத்தில் நிற்பான்.

உள்ளூர் விற்பனையாளரிடமே, இந்திய வரைபடம் பதிந்த மோட்டார் சைக்கிள் கருவியை வாங்கினோம். திருவொற்றியூர் மெக்கானிக் ஒருவர் அதைப் பொருத்தித் தந்தார். சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் செல்லும்படி கம்பியை எடுத்து, நடுவில் ஒரு ஃபியூஸும் வைத்தார். இல்லையேல் இரவில் பாட்டரி இறங்கிவிடும் என்றார். பெட்ரோல் டாங்குக்கு மேலே தாழ்வாக வைக்கப் போனவரைத் தடுத்து, கண்ணாடிகளின் மட்டத்துக்கு உயர்த்தி வைக்கச் சொன்னோம். காதுக்குள் குரல் வரும் வசதியை வேண்டாமென்றோம். வழிசொல்லும் குரலைவிடப் பின்னால் வரும் லாரியின் ஹாரன் அவன் காதுக்கு முக்கியம்.

கைபேசி இப்போது சட்டைப் பையில், ஒலி அடக்கப்பட்டுக் கிடக்கிறது. யார்டுக்குப் போய்ச் சேர்ந்த பின்பே திரும்ப அழைப்பான் என்று அவன் முதலாளியிடம் நாமே நேரிற் சென்று சொன்னோம். முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். தங்கை மாத்திரம் மக்ரிபுக்குப் பிறகு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பதை இன்னும் விடவில்லை.

இதுவரை பதினேழு வாயில்கள் பதிவாகியிருக்கின்றன. காட்டுப்பள்ளி பாக்கி; மழைக்காலத்துக்கு முன் அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் குறித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.